‘இன்னொண்ணு பெத்துக்கலாமே?’: 35 வயதுக்குப் பிறகு யார் முடிவெடுப்பது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனால், 35 வயதைத் தாண்டிய பெண்ணிடம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “ஒண்ணோட நிறுத்திட்டீங்களா?” இரண்டும் பெண் பிள்ளைகள் என்றால் கேள்வி மாறும்: “ஒரு பையன் வேணாமா?”

இப்போது அரசியல் மேடையிலும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான் என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் பேசினார்.

கேட்பவர்கள் பலர், சுமக்கப்போவது ஒருவர். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்ன?

ஏன் தள்ளிப்போகிறது?

வேலை, வீட்டுக் கடன், முதல் பிரசவத்தின் களைப்பு என்று காரணங்கள் பல. லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில், கணவர் வளைகுடா நாட்டில் இருப்பதாலேயே இரண்டாவது குழந்தைக்குப் பல ஆண்டுகள் இடைவெளி விழும் குடும்பங்கள் உண்டு. மறுமணம் செய்தவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் தவறான காரணம் இல்லை. ஆனால், உடம்பு தன் கணக்கில்தான் ஓடும்.

வயது ஏறும்போது என்ன மாறுகிறது?

கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. டவுன் சின்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 30 வயதில் சுமார் 900-இல் ஒன்று. 35-இல் சுமார் 350-இல் ஒன்று. 40-இல் சுமார் 100-இல் ஒன்று. 40 வயதில் உண்டாகும் கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கலைந்துவிடுகிறது. கர்ப்பகால சர்க்கரை, பிரஷர், சிசேரியன் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். 100-இல் ஒன்று என்றால், மற்ற 99 குழந்தைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றும் பொருள். 35-க்கு மேல் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். முன்கூட்டியே டாக்டரைப் பார்ப்பதுதான் முக்கியம்.

எப்போது, என்ன பார்க்க வேண்டும்?

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முந்தையது சிசேரியன் என்றால் அந்தக் கேஸ் ஷீட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

கர்ப்பமான பிறகு, 11 முதல் 13 வாரங்களுக்குள் என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். 18 முதல் 20 வாரங்களுக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன். தேதி தவறினால், யோசிப்பதற்கான அவகாசமும் போய்விடும். எங்கே பிரசவம் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை. சிக்கல் வந்தால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டு வைப்பது நல்லது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள்?

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கட்டிய குழாயைத் திரும்ப இணைக்க முடியும். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு மாநில அரசே இலவசமாகச் செய்துகொடுத்தது. ஆனால் எல்லோருக்கும் பலன் தராது. வயதும், முன்பு ஆபரேஷன் செய்த விதமும் முக்கியம். இன்னொரு வழி ஐவிஎஃப். 2021 சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்குள்தான் இந்தச் சிகிச்சை. சொந்தக் கருமுட்டையில் என்றால், 43 வயதைத் தாண்டியபின் ஒரு சுற்றின் வெற்றி வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். பணம் கட்டும் முன், “என் வயதுக்கு எவ்வளவு வாய்ப்பு?” என்று நேராகக் கேளுங்கள்.

‘பையனுக்காக’ என்றால்?

2011 கணக்கெடுப்பில், 6 வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகள்தான், பெரம்பலூரில் 913. மாநில அளவு 943. இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது ‘ஒரு பையன் வேணாமா’ என்ற அதே கேள்விதான்.

எத்தனை பெண் பிறந்திருந்தாலும், அடுத்தது ஆணாக இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதிதான். அதைத் தீர்மானிப்பது அப்பாவின் விந்தணு. ‘மூணாவது கண்டிப்பா பையன்’ என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பாலினம் பார்க்க ஸ்கேன் கேட்பதே குற்றம்: மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பெண் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றே சட்டம் முதலில் கருதும்.

விதிகள் எத்தனை குழந்தை வரை?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. அதற்கு மேல் 12 வாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்.

இந்த ‘இரண்டு’ கணக்கு தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரை உச்ச நீதிமன்றம் வரை அலையவிட்டது. முதல் திருமணத்தில் பிறந்த இரு பிள்ளைகளும் அப்பாவிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காக 2021-இல் விடுப்பு கேட்டார். மூன்றாவது என்று மறுத்தார்கள். மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி, 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மேடையில் குழந்தை பெறச் சொல்லும் அரசு, விதிப் புத்தகத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வது முரண். அறிவுரைக்கு முன் விடுப்பும், குழந்தைகள் காப்பகமும், பக்கத்திலேயே நல்ல பிரசவ வசதியும் வரட்டும்.

முடிவு யாருடையது?

வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உரிமை உண்டு. எதிர்பாராமல் கரு உண்டானால், சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள் கலைக்க, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை.

வேண்டும் என்றால், கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டியவை சில. 40-இல் பெற்றால், பிள்ளை காலேஜ் முடிக்கும்போது அம்மாவுக்கு 61. செலவுக்கு என்ன வழி? ராத்திரி யார் கண் விழிப்பது? மூத்த பிள்ளையிடம் சொல்லியாச்சா? அம்மாவின் உடம்பு இன்னொரு பிரசவத்தைத் தாங்குமா?

இவற்றுக்கு விசேஷ வீட்டில் கேட்பவரிடம் பதில் இருக்காது. பதில் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர். கடைசி வார்த்தை, சுமக்கப்போகிறவருடையது.