பரணில் ஏறாத கிட்டார்

ஆசையாக வாங்கி, ஆறே மாதத்தில் பரணில் ஏற்றிவிடும் பொருட்களில் கிட்டாரும் ஒன்று. ‘விலை கம்மி, அதான் சரியில்லை’ என்று பழி கிட்டார் மேல் விழும். பாவம், பல வீடுகளில் குற்றவாளி விலை அல்ல, கம்பியின் உயரம்! ஃப்ரெட் போர்டுக்கு மேலே கம்பி தூக்கலாக நின்றால், அழுத்தி அழுத்திப் பிஞ்சு விரல் வலிக்கும், பிள்ளை விட்டுவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைத்தால், அதே கிட்டார் கைக்கு இதமாகிவிடும்.

மலிவானது நீண்ட நாள் உழைக்குமா? 1966-ல் ஜப்பானின் யமஹா கொண்டுவந்த எஃப்ஜி-180-ஐப் பாருங்கள். மேல்பலகை முழு மரம் அல்ல, ஒட்டுப்பலகை. சிவப்பு லேபிள் ஒட்டிய அந்தப் பழைய கிட்டார்களை இன்றும் தேடி வாங்கி வாசிக்கிறார்கள். 1969-ல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட், கயிற்றைத் தோள்பட்டையாகக் கட்டி வாசித்ததும் ஒரு யமஹாதான்.

முழு மரத்தின் செழுமையான நாதம் ஒட்டுப்பலகையில் வராது, உண்மைதான். ஆனால் அடைமழை ஈரத்தையும் ஏசி அறையின் வறட்சியையும் அது எளிதில் வெடிக்காமல் தாங்கும். பொத்திப் பொத்தி வைக்கவேண்டியதில்லை. கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும், தினம் வாசிக்கப்படும்.

குரல் மங்கினால் கிட்டாரை மாற்றவேண்டாம், கம்பிகளை மாற்றுங்கள். கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். பசை இளகிவிடும்.