பட்டறையில் வாழுந் தமிழ் பல்கலைக்கழகத்தில் மாளுவதா?

எந்திரப் பொறியியலைத் தமிழிற் பயிற்ற இயலாதென்பார் பட்டறைப் பக்கமே சென்றறியார்! உலை, துருத்தி, வார்ப்பு, கடைசல், திருகு, மரை, அச்சாணி, நெம்புகோல் இவையெல்லாம் எவன் மொழிச் சொற்கள்? கம்மியன் நாவில் வாழுஞ் சொற்களுக்குக் கல்லூரி வாயிலை அடைத்தவர் யாவர்?

தோக்கியோவில் 1873-இல் தொடங்கிய பொறியியற் கல்லூரியிலும், இசுகாத்துலாந்தினரான என்றி தையர் தலைமையில் ஆங்கிலத்திலேதான் கற்பித்தனர். ஆயினும் அங்குக் கற்றுத் தேர்ந்த சப்பானியர் தாமே ஆசிரியராயினர், கலைச்சொல் ஆக்கினர், தம் மொழியிலேயே பயிற்றினர். அவர்தம் பொறிகளை இன்று உலகே வாங்குகின்றது.

இங்கோ, 1794-இல் தோன்றிய நிலவளவைப் பள்ளியே கிண்டிப் பொறியியற் கல்லூரியாய் வளர்ந்தும், அண்ணா பல்கலைக்கழகம் எந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழிற் பயிற்றத் தொடங்கியது 2010-இல்! அதனையும் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் நிறுத்துவதாக 2023-இல் அறிவித்து, எதிர்ப்பெழவே பின்வாங்கிற்று. மாணவர் சேரவில்லையாம்! மேற்படிப்பும் ஆங்கிலம், ஆய்வேடும் ஆங்கிலம், வேலைக்கான நேர்காணலும் ஆங்கிலம் என்றால் எவன் துணிந்து சேர்வான்? வேரில் வெந்நீர் ஊற்றியவரே கனியில்லை என்று கைவிரிப்பதா?

உராய்வை உணரவேண்டிய மாணவன் அதன் ஆங்கில விளக்கத்தை உருப்போடுகின்றான். உருப்போட்டவன் பொறியைப் பழுதுபார்ப்பான், புதிதாய்ப் படைக்கமாட்டான்.

தமிழ்ப் பொறிஞரே! உங்கள் ஆய்வைத் தமிழில் எழுதுங்கள். அதனை ஏற்கும்வரை பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டுங்கள்!