பெயர்ப்பலகையின் கடன்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதிற் பொறித்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் வேறொரு வடிவிற் காணப்படுகின்றது. முன்னாட் படைவீரருக்குச் சிகிச்சை அளிக்க அரசாங்கம் நடத்தும் வைத்தியசாலைகள் பலவற்றுக்கு அவ்வீரருள் ஒருவரின் பெயரைச் சூட்டுகின்றனர். இதற்கெனச் சட்டசபை தனிச்சட்டம் இயற்ற, சனாதிபதி அதில் ஒப்பமிடுகின்றார்.

நடுகல்லிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. வைத்தியசாலை வாசலுக்கோ நோயாளி வருகின்றான். தன் நோவுக்குப் பரிகாரம் கேட்கின்றான். ஆதலால் அவ்வாசலில் எவருடைய பெயரை எழுதுவது என்பது சிறு வினாவன்று. அதற்குத் தக்க விடையொன்று கலிபோர்ணியா மாநிலத்து லாங் பீச் நகரில் இருக்கின்றது. அங்குள்ள வைத்தியசாலை திபோர் ரூபின் என்பவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

ரூபின் 1929 ஆம் ஆண்டு அங்கேரி நாட்டில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். சிறுவராயிருக்கையில் நாஸிகள் அவரை ஒஸ்திரியாவிலுள்ள மௌதவுசன் முகாமில் அடைத்தனர். 14 மாதங்கள் அவர் அங்கே பட்டினியுடன் போராடினார். 1945 மே மாதத்தில் அமெரிக்கப் படையினர் அம்முகாமை விடுவித்தனர். அழுக்கும் நோயும் மூடிக் கிடந்தவர்களை அவர்கள் அருவருக்காது தூக்கி எடுத்துப் பேணினர். அந்நன்றியை அச்சிறுவர் மறந்தாரல்லர். 1948 இல் அமெரிக்கா சென்று, 1950 இல், அந்நாட்டுக் குடியுரிமை பெறுமுன்னரே, படையிற் சேர்ந்து கொரியப் போர்முனைக்குப் போனார்.

அங்கே ஒரு குன்றைத் தன்னந்தனியராய் ஒரு நாள் முழுவதும் காத்து நின்றார். எனினும், அவரை நாம் நினைவிற் கொள்ள வேண்டியது அதன் பின் நிகழ்ந்தவற்றுக்காகவே. அவ்வாண்டின் பிற்பகுதியிற் சீனப்படையினர் அவரைச் சிறைப்பிடித்தனர். ஏறக்குறைய 30 மாதச் சிறைவாசம். போதிய உணவில்லை, மருந்தில்லை. பசியை வெல்லும் வித்தையை முன்னரே கற்றிருந்த ரூபின், இரவு வேளைகளில் ஒளிந்து சென்று எதிரியின் களஞ்சியங்களிலும் தோட்டங்களிலும் உணவு திருடினார். அகப்பட்டிருந்தால் சித்திரவதை, அன்றேற் சாவு. கொண்டு வந்ததைத் தோழருக்குப் பகிர்ந்தளித்தார், அவர்தம் புண்களைக் கழுவினார், பேன் எடுத்தார், சோர்ந்தவருக்குத் தைரியஞ் சொன்னார். 40 பேர் வரை உயிர் பிழைத்தமைக்கு இவரே காரணர் என்பர். தாய்நாடாகிய அங்கேரிக்கு அனுப்பி விடுவதாகச் சீனர் சொன்னபோதும், தோழரை விட்டுப் போக அவர் இசையவில்லை.

இத்தகையவருக்கு நாடு உடனே மாலை சூட்டியிருக்குமென வாசகர்கள் எண்ணலாம். அவ்வாறு நடக்கவில்லை. மேலதிகாரிகள் அவரை வீரப்பதக்கத்துக்குச் சிபார்சு செய்தபோதும், யூதரை வெறுத்த சார்ஜன்ட் ஒருவர் அப்பத்திரங்களை அனுப்பாது விட்டார் என உடன் போரிட்டோர் பின்னர் சாட்சியம் அளித்தனர். அந்நாட்டின் அதியுயர் வீரப்பதக்கம் 2005 ஆம் ஆண்டிலேதான் அவர் கழுத்தில் ஏறியது. ரூபினோ நாட்டை நொந்து வீட்டில் முடங்கியிருந்தவரல்லர். லாங் பீச் வைத்தியசாலைக்குச் சென்று, நோயுற்ற முன்னாட் படைவீரருக்குச் சம்பளமின்றித் தொண்டு செய்தார். அத்தொண்டு 20,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்டது. 2015 டிசெம்பரில் அவர் காலமானார். மறு ஆண்டிற் சட்டம் நிறைவேறியது. 2017 இல், அவர் தொண்டராக நுழைந்த அதே வாசலில் அவர் பெயர் எழுதப்பட்டது.

பெயரினால் நோய் தீருமா என்று கேட்பாரும் உளர். தீராது என்பதே உண்மை. அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில், இதே திணைக்களத்தின் வைத்தியசாலையிலும் ஒரு பெரியவரின் பெயர் இருந்தது. நெடுங்காலம் சட்டசபையிலிருந்து புகழ் பெற்ற கார்ல் ஹேடனே அவர். ஆயினும் 2014 இல், நோயாளர் எத்தனை நாள் காத்துக்கிடந்தனர் என்பதை மறைக்க அங்கே பொய்ப்பட்டியல் வைத்திருந்தமை வெளிப்பட்டது. திணைக்களத்துக்குப் பொறுப்பான அமைச்சரே பதவி துறக்க நேர்ந்தது. வாசலிலிருந்த பெயரை உள்ளே இருந்தோர் நினைத்தாரல்லர்.

பேரனுக்குப் பாட்டனாரின் பெயரைச் சூட்டுவது நம் இல்லங்களில் வழக்கம். பெயரன் என்பதே பேரன் என்றாயிற்று. அப்பிள்ளை வழி தவறுமாயின், "ஆருடைய பெயரைச் சுமக்கிறாய், தெரியுமோ?" என்று ஆச்சி கேட்பார். அக்கேள்விக்கு அஞ்சியே திருந்திய பிள்ளைகள் பலரை ஆசிரியத் தொழிலில் நாம் கண்டிருக்கிறோம்.

வைத்தியசாலைக்கும் அப்படி ஓர் ஆச்சி வேண்டும். பெயர் சூட்டு விழாவோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. அன்றுதான் கடன் எழுதப்படுகின்றது. லாங் பீச்சில் ஒரு முதியவர் மருந்துக்காக நெடுநேரம் காத்திருப்பாராயின், நள்ளிரவில் ஒரு நோயாளி தண்ணீர் கேட்டு விடை பெறாதிருப்பாராயின், பசித்த தோழனுக்காக உயிரைப் பணயம் வைத்தவரின் பெயர் வாசலில் இருந்து கேட்கும். அக்கேள்வி உள்ளே பணிபுரிவோர் காதில் விழுமாயின், அதுவே அவருக்குச் செய்த மரியாதை.