மதிலுக்கு அனுமதி உண்டு. மனிதனுக்கு வழி உண்டா?

சென்னையில் மயிலாப்பூரை அடுத்து மந்தைவெளி என்று ஒரு பகுதி இருப்பதை நம் வாசகர்களில் அநேகர் அறிவார்கள். மந்தை என்றால் ஆடுமாடுகளின் கூட்டம். வெளி என்றால் திறந்த இடம். ஒரு காலத்தில் மாடுகள் தடையின்றி நின்ற இடம் என்பதை அந்தப் பெயரே சொல்லுகின்றது. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. வீட்டுக்கு வீடு மதில், மதிலுக்கு மேல் கண்ணாடித் துண்டு, அதற்கும் மேல் முள்கம்பி என்றிருக்கின்றது. பட்டணத்தில் திருட்டுப் பயம் உண்டு. தன் வீட்டைச் சுற்றி ஒருவர் வேலி போட்டுக்கொள்ளுவது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. அந்த வேலிக்கு அனுமதி கொடுக்கின்ற சர்க்கார் எதைக் கேட்கின்றது, எதைக் கேட்காமல் விடுகின்றது என்பதுதான் நாம் இங்கு பேச வந்த விஷயமாகும்.

தமிழ்நாட்டில் கட்டடம் கட்டுவதற்கு 2019-ஆம் வருஷத்தில் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் என்று ஒரு விதித் தொகுப்பு வந்தது. பட்டா எங்கே, புலப்படம் எங்கே, தெரு எத்தனை அடி, தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுகிறாய், உயரம் எவ்வளவு, கட்டணம் கட்டினாயா என்றெல்லாம் கேட்கப்படும். 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல், 2,500 சதுர அடிக்குள் மனை உள்ளவர்கள் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, தாமே சான்று கொடுத்து உடனே அனுமதி பெற்றுக்கொள்ளலாம் என்றும் செய்திருக்கிறார்கள். சிறு வீட்டுக்காரன் ஆபீசு ஆபீசாக அலைந்து கை நனைக்கின்ற தொல்லை குறையுமானால் அதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் இத்தனை கேள்வி கேட்கின்றவர்கள், "உன் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவன் யார்? அவனுக்கு இதனால் வழி அடைபடுகின்றதா? இது சாய்ந்தால் யார் தலையில் விழும்?" என்று அந்தப் பக்கத்தானைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது உண்டா? மதிலுக்கு இரண்டு பக்கம் உண்டு. அனுமதித் தாளுக்கோ ஒரே பக்கந்தான்.

சர்க்கார்தான் இப்படியென்றால் மதில் கட்டுகின்ற நம் படித்த மக்களின் யோக்கியதை இதைவிட மோசமாக இருக்கின்றது. எல்லைக் கல் எங்கே இருக்கின்றது என்று சர்வேயரைக் கேட்பதற்கு முன்னால் வாஸ்து ஜோசியனைக் கேட்கிறார்கள். தெற்கு மதிலும் மேற்கு மதிலும் உயரமாயிருக்க வேண்டும், வடக்கும் கிழக்கும் தாழ்ந்திருக்க வேண்டும் என்று அவன் சொன்னால், சரியென்று கேட்டுக்கொண்டு செங்கல்லை அடுக்குகிறார்கள். அடியில் மண் தாங்குமா, மழைத் தண்ணீர் எங்கே போகும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதைப் பற்றி வாஸ்து புருஷனுக்கும் கவலையில்லை, வீட்டுக்காரருக்கும் கவலையில்லை. தெரு நேராக வந்து வீட்டில் முட்டினால் "தெருக்குத்து" என்று பயந்து மதிலில் ஒரு மாடம் வைத்துப் பிள்ளையாரை உட்கார வைக்கிறார்கள். எதிரே பிரேக் பிடிக்காத லாரி வந்தால் அந்தப் பிள்ளையார் தடுப்பாரா?

அதோடு நின்றாலும் பரவாயில்லை. மாடத்திலிருந்த பிள்ளையார் சில வருஷத்தில் நடைபாதைக்கு இறங்கி வருகிறார். முதலில் ஒரு கல், பிறகு ஒரு தகரக் கொட்டகை, பிறகு இரும்புக் கிராதி, கடைசியில் உண்டியல். நடைபாதையில் ஓலைத் தட்டி வைத்து இட்லி விற்கின்ற கிழவியை விரட்ட லாரி வருகின்றது, போலீசு வருகின்றது. ஆனால் அதே நடைபாதையை அடைத்து நிற்கும் கிராதிக்குள் ஒரு கற்சிலை இருந்துவிட்டால் எந்த அதிகாரிக்கும் கை நடுங்குகின்றது. தெருவிலும் பூங்காவிலும் மற்றப் பொது இடங்களிலும் கோயில், மசூதி, சர்ச்சு, குருத்வாரா என்கின்ற பெயரால் அனுமதியில்லாக் கட்டடம் இனிமேல் எழும்பக் கூடாது என்று டில்லி சுப்ரீம் கோர்ட்டு 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி உத்தரவு போட்டது. உத்தரவு போட்டவர்கள் நாத்திகர்களுமல்ல, நம் இயக்கத்தைச் சேர்ந்தவர்களுமல்ல. அப்படியிருந்தும் அந்த உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகின்ற அதிகாரியைக் காண்பது அரிதாயிருக்கின்றது.

பட்டணத்து மதில் நடைபாதையைத் தின்கின்றது. கிராமத்து மதிலோ மனிதனையே தின்கின்றது. மதுரை ஜில்லா உத்தப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ஆம் வருஷம் ஜாதிக் கலவரத்திற்குப் பிறகு, ஊரிலே தங்களை மேல்ஜாதி என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள் தெருவுக்கும் தங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு நீண்ட சுவரை எழுப்பினார்கள். அது வீட்டுச் சுவரல்ல. திருடனுக்குப் பயந்து கட்டிய சுவருமல்ல. மனிதன் மனிதன் பக்கம் வராமலிருக்கக் கட்டிய சுவர். அது பத்தொன்பது வருஷம் நின்றது. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனை கலெக்டர்கள், எத்தனை தாசில்தார்கள் மாறியிருப்பார்கள்! 2008-இல் அதன்மேல் மின்சாரக் கம்பியும் ஓட்டிய செய்தி வெளியில் வந்த பிறகுதான் நாட்டுக்கு விழிப்பு வந்தது. அவ்வருஷம் மே மாதம் 6-ந் தேதி போலீசுக் காவலோடு சர்க்கார் அதில் ஒரு சிறு பகுதியை இடித்து வழிவிட்டது. உடனே மேல்ஜாதியார் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரைக் காலி செய்துகொண்டு மலையடிவாரத்திற்குப் போய்விட்டார்கள்! தாழ்த்தப்பட்டவன் நடக்கின்ற தெருவில் குடியிருப்பதைவிட வெய்யிலில் கிடப்பது மேல் என்று அவர்களுக்குத் தோன்றிற்று.

அடுத்தது கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர். அங்கே நின்றது ஒரு தனி வீட்டின் காம்பவுண்டுச் சுவர்தான். சுமார் 20 அடி உயரம். அதன் அடியில் தாழ்த்தப்பட்ட மக்களின் சின்னஞ்சிறு வீடுகள். 2019-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலை, அடைமழையில் அந்தச் சுவர் சரிந்து அவ்வீடுகளின்மேல் விழுந்தது. தூங்கியவர்களில் 17 பேர் எழுந்திருக்கவேயில்லை. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அது தீண்டாமைச் சுவரே என்று அப்பகுதி மக்கள் சொன்னார்கள். இல்லை, வெறும் வீட்டுச் சுவர் என்று மறுத்தவர்களும் உண்டு. வெறும் வீட்டுச் சுவர் என்றே வைத்துக்கொள்ளுவோம். ஒரு வீட்டுக்கு 20 அடிச் சுவர் எதற்கு? ஓட்டு வீட்டின் தலைக்கு மேல் அவ்வளவு பாரத்தை நிறுத்துமுன் கீழே படுத்திருப்பவனை யாராவது கேட்டார்களா? விதியின் பேரைச் சொல்லி அழுகிறார்கள். சர்க்கார் விதி ஒழுங்காக இருந்து, அது ஒழுங்காக நடத்தப்பட்டிருந்தால் தலைவிதிக்கு அங்கே என்ன வேலை?

இங்கே நாம் ஒரு விஷயத்தை மூடி மறைக்க விரும்பவில்லை. உத்தப்புரத்துச் சுவரைக் கட்டியவர்கள் பார்ப்பனர்கள் அல்ல. பார்ப்பனரல்லாதார் என்று நாம் யாரைச் சொல்லுகின்றோமோ அவர்கள்தான் கட்டினார்கள். 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடக்க வேண்டுமென்று போராடிப் பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். அந்தத் தெரு தனக்கும் வேண்டுமென்று அன்று கேட்டவன், இன்று தன் தெருவில் தனக்குக் கீழே என்று எண்ணுகின்றவனுக்குச் சுவர் வைப்பானேயானால், பார்ப்பனியம் பூணூலில் இல்லை, செங்கல்லில் இருக்கின்றது என்றுதான் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் காலை வாரிவிட வேண்டும், கீழே இருப்பவன் கையைத் தட்டிவிட வேண்டும் என்பது சுயமரியாதையாகுமா என்று கேட்கின்றோம்.

"என் நிலம், என் பணம், என் சுவர், கேட்க நீ யார்?" என்று சிலர் சொல்லுவார்கள். தன் நிலத்தில் கிணறு வெட்டினாலும் பக்கத்து வீடு இடிந்து விழும்படி வெட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்ளுகிறவர்கள் சுவர் விஷயத்தில் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? சட்டமும் இல்லாமலில்லை. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகின்றது. 1955-ஆம் வருஷத்துச் சட்டம் பொது வழியைத் தடுப்பது குற்றமென்கின்றது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதையே கடுமையாகச் சொல்லுகின்றது. புறம்போக்கை வளைத்தால் அப்புறப்படுத்த 1905 முதலே சட்டம் இருக்கின்றது. இத்தனையும் சுவர் எழும்பி, வழக்கு வந்து, பிணம் விழுந்த பிறகு எடுத்துப் பார்க்கின்ற புத்தகங்களாக இருக்கின்றன. முதல் செங்கல் வைக்கும்போதே கேட்கின்ற கேள்வியாக அவை ஆகவில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. மதிலோ வேலியோ போட அனுமதி கேட்கின்ற தாளில் இன்னும் ஒரு கேள்வி சேர்க்கட்டும்: "இது யாருடைய வழியை மறிக்கின்றது? யாருடைய கூரைக்கு மேல் நிற்கின்றது?" அந்தப் பக்கத்தானுக்கு நோட்டீசு கொடுத்து அவன் சொல்லுவதையும் எழுதிக்கொள்ளட்டும். ஆள் உயரத்திற்கு மேல் எழுப்புகிற சுவருக்கு வாஸ்துக்காரன் கையெழுத்தல்ல, இஞ்சினீயர் கையெழுத்து வேண்டும். ஏற்கனவே நிற்கின்ற சுவர்களில் ஊரையும் சேரியையும் பிரிப்பவை எவை, குடிசைமேல் சாய்ந்து நிற்பவை எவை என்று ஜில்லா ஜில்லாவாகக் கணக்கெடுத்து வெளியிடட்டும். நடைபாதையில் நிற்பது கிராதியானாலும் கோயிலானாலும் ஒரே அளவுகோலால் அளக்கட்டும்.

சர்க்கார் செய்கின்றவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மந்தைவெளியில் இருக்கும் தோழர், தன் வீட்டு வேலி எல்லைக் கல்லுக்கு உள்ளே இருக்கின்றதா என்று இன்றைக்கே போய்ப் பார்க்கட்டும். நடைபாதையில் ஒரு முழம் வளைத்துப் பூந்தொட்டி வைத்திருந்தால் அதை உள்ளே எடுத்து வைக்கட்டும். கிராமத்தில் இருக்கும் தோழர், தன் ஊர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் கடைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் எவ்வளவு தூரம் சுற்றிப் போகின்றான் என்று ஒரு நாள் அவனோடு கூட நடந்து பார்க்கட்டும். நடந்து பார்த்த பிறகும் அந்தச் சுவர் வேண்டும் என்று சொல்லுகின்றவன் நம் கூட்டத்திற்கு வர வேண்டிய அவசியமில்லை என்பது நமது அபிப்பிராயம்.