அப்பாவைப் பற்றி வெளியாட்களிடம் கேளுங்கள்

எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் வீட்டில் பெரியவர் ஒருத்தர் தவறிட்டா, மூணாம் நாளுக்குள்ள பஸ் ஸ்டாண்டு சுவர் வரைக்கும் போஸ்டர் ஒட்டிடுவாங்க. நடுவில் அவர் படம், தோற்றம், மறைவு, கீழே மகன்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் பெயர் வரிசையாக. பதினாறாம் நாள் படத்திறப்பு. நாலு பேர் மைக்கைப் பிடித்து 'அன்பானவர், பண்பானவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்' என்று பேசுவார்கள். அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். பேரை மட்டும் மாத்திக்கணும்.

இதைக் கிண்டல் பண்ணவில்லை. துக்க வீட்டில் வேற என்ன பேச முடியும்? ஆனால் பதினாறு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோமே, அதில்தான் எனக்கு வருத்தம். ஒரு மனுஷனைப் பற்றி அவர் குடும்பத்துக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதி வெளியே, அவரோட பழகினவங்ககிட்ட சிதறிக் கிடக்கு. அதைத் தேடிப் போய்க் கேட்டு, ஒரு வருஷத்துக்குள்ள எழுதி வைக்கணும். நல்லது மட்டுமில்லை, கோபம், கடன், சண்டை எல்லாத்தையும் சேர்த்து. இதுதான் என் கட்சி.

இதுக்கு எங்க ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருச்சுழி. குண்டாற்றங்கரை, திருமேனிநாதர் கோயில், சுந்தரர் பாடிய தலம். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது மகரிஷியைப் பற்றி இல்லை, அவருடைய அப்பா சுந்தரம் ஐயரைப் பற்றி.

சுந்தரம் ஐயர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கரிடம் மாசம் 2 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்து வேலைக்குப் போனவர். அப்புறம் மனு எழுதிக் கொடுத்தார். அப்புறம் பட்டம் இல்லாமலே திருச்சுழி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாதாட அனுமதி வாங்கி, நல்ல பேர் எடுத்தார். 1892 பிப்ரவரியில் இறந்துபோனார். அப்போது இரண்டாவது மகன் வேங்கடராமனுக்கு வயது 12. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய பையன்கள் இரண்டு பேரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். அம்மா அழகம்மாள் சின்னப் பிள்ளைகளோடு மானாமதுரைக்கு, இன்னொரு சித்தப்பா வீட்டுக்கு.

யோசிச்சுப் பாருங்க. 1892ல் ஒரு சின்ன ஊரில் செத்துப்போன, பட்டம் இல்லாத ஒரு வக்கீல். அவர் எழுதி வைத்த புத்தகம் எதுவும் நம் கையில் இல்லை. அப்படியும் இன்றைக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்?

வீட்டை இரண்டு பகுதியாகக் கட்டி, ஒன்றை வருகிறவர்கள் தங்கவே வைத்திருந்தார். ஊருக்குப் புதுசாக மாற்றலாகி வரும் உத்தியோகஸ்தர்கள் வீடு பார்க்கும் வரைக்கும் அங்கேதான் தங்கினார்கள், அங்கேதான் சாப்பிட்டார்கள். அந்தப் பக்கம் வழிப்பறிக்காரர்கள்கூட அவர் வண்டி என்றால் கை வைக்க மாட்டார்கள் என்று சொல்வதுண்டு. இந்த வறண்ட சீமையில் ஒருத்தருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேணும்?

அவர் எந்தக் கேஸில் ஜெயித்தார் என்பது யார் வாயிலும் மிஞ்சவில்லை. சோறு போட்டது மிஞ்சியிருக்கு. திருடன் கொடுத்த மரியாதை மிஞ்சியிருக்கு. இரண்டும் வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சேதிகள்.

கோபமும் மிஞ்சியிருக்கு. சின்ன வயசில் வேங்கடராமன் அப்பாவோட பழைய கோர்ட் காகிதக் கட்டை எடுத்துக் கப்பல் செய்து தண்ணியில் விட்டானாம். அப்பாவுக்கு வந்ததே கோபம்... துணியை உருவி, மொட்டை அடித்து, கோவணத்தைக் கட்டித் துரத்துங்கடா என்கிற மாதிரி கத்தினாராம். பையன் கோயிலுக்கு ஓடி அம்மன் சன்னதியில் ஒளிந்துகொண்டான். இதைப் பின்னாளில் சொன்னவர் வேறு யாருமில்லை, அந்த மகனேதான். அதுவும் மொட்டையும் கோவணமுமாகத் திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு! அப்பா திட்டியதைச் சிரித்தபடி சொல்லும்போதுதான் அந்த அப்பா எனக்குக் கண்ணில் தெரிகிறார். 'அன்பானவர், பண்பானவர்' என்று மட்டும் சொல்லியிருந்தால் தெரிந்திருக்க மாட்டார்.

இந்தச் சேதிகள் நமக்கு எப்படி வந்தன? வக்கீலாக இருந்த நரசிம்ம சுவாமி என்பவர் ரமணரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் 1931ல் வந்தது. பின்னால் வந்தவர்களும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். ஆனால் கணக்குப் பாருங்க. அப்பா இறந்து 39 வருஷம் கழித்துத்தான் புத்தகம். மூத்த மகன் நாகசாமி 1900லேயே போய்விட்டார். மனைவி அழகம்மாள் 1922ல் போய்விட்டார். புத்தகம் வரும்போது, அந்த வீட்டில் அவரோடு அதிக நாள் இருந்த அந்த இரண்டு பேருமே இல்லை. அவர்கள் மனசில் இருந்த சுந்தரம் ஐயர் எத்தனை பேர் அவர்களோடு போனாரோ!

"ரமணரோட அப்பா, அதனால கேட்டாங்க. எங்கப்பாவை யார் கேட்கப் போறா?" என்று நீங்க கேட்கலாம். நானும் அதைத்தான் சொல்றேன். மகனுக்குப் பேர் வந்ததால் எழுத ஒருத்தர் தேடி வந்தார். கதைகளோ அதுக்கு முன்னாடியே இருந்தன. நம்ம வீட்டுக்கு எந்த நரசிம்ம சுவாமியும் வர மாட்டார். நாமதான் போகணும்.

திருச்சுழியிலிருந்து திரும்பி வந்து, அருப்புக்கோட்டையில் தூத்துக்குடி ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால் எட்டயபுரம். பாரதியார் ஊர். அவரை மனைவி செல்லம்மா எழுதினார். மகள் சகுந்தலா 'என் தந்தை' என்று எழுதினார். புதுச்சேரியில் பழகிய குடும்பத்துப் பெண் யதுகிரி அம்மாளும் எழுதினார். மூன்று பேரும் பார்த்தது ஒரே ஆளைத்தான். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிக்கு வாரி இறைத்த கதை எல்லாருக்கும் தெரியும். கவிதை படிக்கிறவனுக்கு அது கருணை. அடுத்த வேளைக்கு உலை வைக்க வேண்டிய பெண்டாட்டிக்கு அதுவா பட்டிருக்கும்? இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஆள். ஒருத்தர் மட்டும் சொன்னால் அது சாமி படம் மாதிரி ஆகிவிடும்.

இப்ப என் வீட்டுக் கதை கொஞ்சம். எங்கப்பா அருப்புக்கோட்டையில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். காலை அஞ்சு மணிக்குக் கடை திறந்தால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவார். எங்களுக்குத் தெரிந்த அப்பா கணக்கு நோட்டு, தராசு, "நாடகம் சினிமான்னு சுத்தாதீங்கடா" இவ்வளவுதான்.

அவர் காரியம் முடிந்த அன்று திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அப்பாவோட வாலிப வயசுக் கூட்டாளி. "தம்பி, பங்குனி மாசம் வந்துட்டா ஒங்கப்பா ஒரு நா ராத்திரி வீடு தங்க மாட்டாரே, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். எங்கே வள்ளி திருமணம் நாடகம் போட்டாலும் இவரைக் கேரியரில் உட்கார வைத்து சைக்கிளை மிதிப்பாராம். விடிய விடியப் பார்த்துவிட்டு, தூங்காமலே வந்து அஞ்சு மணிக்குக் கடை திறப்பாராம். நாரதர் வேஷம் யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுத்தான் கிளம்புவாராம். என் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அம்மாவுக்கே அது புதுசு!

அதே கூட்டத்தில் ஒரு அக்கா இன்னொன்று சொன்னாங்க. "ஒரு தீபாவளிக்கு அண்ணாச்சி எங்களுக்கு எண்ணெயும் மாவும் கடன் தரமாட்டேன்னுட்டாரு. பிள்ளைகள் பலகாரம் இல்லாம இருந்துச்சுக." உடனே எங்க பெரியப்பா, "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்று அடக்கப் பார்த்தார். ஆனால் அம்மா எழுந்து அந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாங்க. "அந்த வருஷம் மொத்தக் கடைக்காரன் எங்களுக்கே சரக்கு நிறுத்திட்டான் தாயி. வெளிய சொல்ல அவருக்கு வெக்கம்" என்றாங்க. மழை இல்லாத வருஷம். காட்டில் விளையாவிட்டால் கடையில் பற்று வசூலாகாது, கடையில் வசூலாகாவிட்டால் எங்க வீட்டிலும் பலகாரம் கிடையாது. அந்த அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அப்படியா மதினி... அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இத்தன வருஷம் மனசுல வச்சிருக்க மாட்டேனே" என்றாங்க.

பெரியப்பா அடக்கியிருந்தால் அந்தக் குறை அந்த அக்காவோடவே போயிருக்கும். எங்களுக்கும் அந்த வருஷத்து அப்பா கிடைத்திருக்க மாட்டார். அதனாலதான் சொல்றேன், துக்கம் விசாரிக்க வந்தவர் குறை சொன்னால் வாயை அடைக்காதீங்க. குறை சொல்கிறவர்தான் நிறைய ஞாபகம் வைத்திருப்பார்.

யூதர்களிடம் 'ஷிவா' என்று ஒரு வழக்கம். அடக்கம் முடிந்து ஏழு நாள் குடும்பத்தார் வீட்டிலேயே இருக்க, வருகிறவர்கள் உட்கார்ந்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். நம்மகிட்ட இல்லாததா? நம்ம பாட்டிமார் ஒப்பாரியில் போனவர் என்ன செய்தார், யாரோடு மனஸ்தாபம், யாருக்கு என்ன கொடுத்தார் என்று எல்லாம் வரும். இப்போது அந்த இடத்தில் ஸ்பீக்கரில் சோகப் பாட்டு ஓடுது.

இந்தக் கரிசல் சீமையில் நம்ம அப்பாக்களில் பல பேர் டைரி எழுதியவர்கள் இல்லை. நெசவு, பருத்திக் காடு, கரிமூட்டம், கடை என்று உழைத்துப் போனவர்கள். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், துபாய் என்று போயாச்சு. பேரனுக்குத் தாத்தா என்றால் சுவரில் சீரியல் லைட் போட்ட படம். கொள்ளுப்பேரனுக்குப் பேரே தெரியாது. (உங்க கொள்ளுத்தாத்தா பேரை இப்போ யோசிக்காமல் சொல்லுங்க பார்ப்போம் :-) )

செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. அப்பாவோட கூட்டாளி, கூட வேலை பார்த்தவர், டீக்கடைக்காரர், கடன் வாங்கினவர், கடன் கொடுத்தவர், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி... ஒரு பத்து பேர் பட்டியல் போடுங்க. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீங்க, "நல்லவர்" என்று சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. "அப்பாவோட கடைசியா எங்க போனீங்க? எதுக்குச் சண்டை வந்துச்சு? என்ன சாப்பிடுவார்?" என்று கேளுங்க. செல்போனில் பதிவு பண்ணுங்க, இல்லைன்னா நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அவங்களுக்கும் வயசாகுது, தள்ளிப் போடாதீங்க.

திருச்சுழியில் சுந்தரம் ஐயர் வீடு இப்போதும் இருக்கு. ரமணாசிரமம் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. பேர் சுந்தர மந்திரம். உலகம் அறிந்த மகன் பிறந்த வீட்டுக்கு அந்த அப்பா பேர்தான். அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. அப்படியே வர்ற வழியில் உங்க அப்பாவோட கூட்டாளி யாராவது இருந்தால், அவர் வீட்டுத் திண்ணையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு வாங்க.