கொதிக்க வையுங்கள் என்று சொன்னால் கடமை தீர்ந்துவிடுமா?

வெள்ளம் வடிந்ததும் ஆட்சியாளர்கள் தவறாது வழங்கும் அறிவுரை ஒன்று உண்டு: “குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகுங்கள்.” அறிவுரை சரியே. ஆனால் அதன் மறைவில் ஒளிந்துகொள்வோர் யார் என்பதைப் புனே காட்டிக்கொடுத்துவிட்டது.

2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லா அணை நீர் முத்தா ஆற்றில் பெருகி, சிங்ககட் சாலையின் ஏக்தா நகரிக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. முன்னறிவிப்பே இல்லை என்று மக்கள் குமுறினர். ஆறு மாதம் கழிந்து, வெள்ளம் ஏதுமற்ற 2025 ஜனவரியில், அதே சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி பகுதிகளில் கில்லன்-பாரே நோய் பரவியது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்க, கால்கள் செயலிழந்து, பலர் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தனர். பாதிக்கப்பட்டோர் 200க்கும் மேல். நோயாளிகள் பலரது மாதிரிகளில் கேம்பைலோபாக்டர் கிருமி கண்டறியப்பட்டது. அசுத்தமான நீரிலும் உணவிலும் பரவும் கிருமி அது.

இப்பகுதிகள் 2021இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டவை. நாந்தேட் பெருங்கிணற்று நீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் கடக்காமல், குளோரின் மட்டும் கலந்து வீடுகளுக்கு வந்தது. எல்லையை விரித்தவர்கள் சுத்திகரிப்பை விரிக்கவில்லை! 2017 முதல் 2022 வரை மாநகராட்சியை ஆண்டது பாஜக. நோய் பரவியபோதோ தேர்தல் நடத்தாமல் அதிகாரி ஆட்சி. கேள்வி கேட்க ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லை.

விலைக்கு வாங்கிக் குடிக்கலாமே என்பார்கள். அங்கே தனியார் ஆர்.ஓ. நிலையங்கள் பலவற்றின் நீரே அசுத்தமென்று கண்டறியப்பட்டு, அவை மூடப்பட்டன. சந்தை காக்கும் என்ற கதையின் இலட்சணம் இது.

கொதிக்க வைக்கவும் எரிவாயு வேண்டும். அதே 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு சிலிண்டர் விலையை 50 ரூபாய் உயர்த்தியது. மாநகராட்சி செய்ய வேண்டிய சுத்திகரிப்பைத் தொழிலாளி வீட்டு அடுப்பின் மீது சுமத்திவிட்டு, அந்த அடுப்பின் மீதும் வரி!

தோழர்கள் இரண்டையும் செய்தாக வேண்டும். நீர் குமிழியிட்டுக் கொதித்த பின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். மூடிய பாத்திரத்தில் வைத்து, கைபடாமல் அகப்பையால் மொள்ளட்டும். இதை மழைக்கு முன்பே வீடு வீடாகச் சொல்வோம். கூடவே, தெருக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதித்து, அளவை அன்றாடம் வார்டு அலுவலக வாயிலில் எழுதி வைக்கக் கோருவோம். மறுத்தால், அந்த வாயிலிலேயே அமர்வோம்.