ஒற்றை நிலை ராக்கெட்டுக்கு லோன் கொடுக்கலாமா?

ஊரை விட்டு இவ்வளவு தூரம் ஸ்ரீ சிட்டிக்கு மாற்றலாகி வந்ததில் ஒரே லாபம், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம். சொந்த ஊர் பணகுடி. அங்கே மகேந்திரகிரியில் இன்ஜினைச் சோதிப்பார்கள், இங்கே பறக்கவிடுவார்கள். காமர்ஸ் படித்தவனுக்கும் ராக்கெட் ஆசை வர இது போதாதா? :-)

"அடுக்கடுக்காகக் கழற்றி எறியாமல் ஒரே நிலையில் சுற்றுப்பாதைக்குப் போக முடியாதா சார்?" என்று நண்பர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரவ ஹைட்ரஜன் இன்ஜினோடு 100 டன் ராக்கெட் என்றால் ஏறக்குறைய 89 டன் எரிபொருளும் ஆக்சிஜனும்தான். மிச்சம் 11 டன்னுக்குள் டாங்க், இன்ஜின், வெப்பக் கவசம் எல்லாம் போக ஏதாவது மிஞ்சினால் சாட்டிலைட்!

இங்கேதான் நாசில் வருகிறது. தரையில் காற்றழுத்தம் அதிகம், சின்ன வாய் போதும். மேலே போகப் போகப் பெரிய வாய் வேண்டும். பெரிய வாயைத் தரையில் எரித்தால் வாயு சுவரை விட்டுப் பிரிந்து நாசிலையே உலுக்கிவிடும். சிஇ20 இன்ஜினின் வாய் அதன் தொண்டையைப் போல 100 மடங்கு பரப்பு. அதனால்தான் 2024 நவம்பர் 29 அன்று மகேந்திரகிரியில் தரைமட்டத்தில் எரித்தபோது தனிப் பாதுகாப்பு அமைப்பு தேவைப்பட்டது. அது சோதனையை எளிதாக்க. பறக்கும்போது உயரத்துக்கேற்ப ஈடுகொடுப்பது ஏரோஸ்பைக் போன்ற நாசில். அதில் ஒரு பக்கம் சுவரே கிடையாது, வெளிக்காற்றுதான் சுவர்.

இதனால் சராசரித் திறன் 5 சதவீதம் கூடினால் 11 டன் 12 ஆகும். ஒரு டன்தானே என்காதீர்கள். வங்கியில் மார்ஜின் மாதிரி, சாட்டிலைட்டே ஒரு டன் என்றால் லாபம் இரட்டிப்பு.

ஆனால் இன்ஜினும் டாங்கும் ஒரு டன் கனம் கூடினால் அத்தனையும் போச்சு. அமெரிக்காவின் எக்ஸ்-33க்கு ஏரோஸ்பைக் இன்ஜின் தரைச் சோதனை வரை வந்தது. 1999ல் டாங்க் உடைந்தது, 2001ல் திட்டத்தையே மூடினார்கள். ஏரோஸ்பைக்கோடு இன்றுவரை எந்த ராக்கெட்டும் சுற்றுப்பாதைக்குப் போனதில்லை.

இரண்டு நிலை ராக்கெட்டில் கதை வேறு. கீழ்நிலையில் ஒரு கிலோ கூடினால் சாட்டிலைட்டில் அதில் ஒரு சிறு பங்குதான் குறையும். 2016 மே 23 அன்று ஆர்எல்வி-டிடியைப் பறக்கவிட்ட இஸ்ரோவின் இலக்கும் இரண்டு நிலைதான்.

ஆகவே என் தீர்ப்பு: நாசில் ஆராய்ச்சிக்குத் தாராளமாக சாங்ஷன். முதலில் கீழ்நிலையில் பொருத்திப் பார்க்கட்டும். ஒற்றை நிலை விண்ணப்பத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறேன், செக்யூரிட்டி போதாது!